சாம்பலை ஆராய வந்தவர்

"உனக்கு வேறை வேலை இல்லையே? சோதினைக்குப் படிக்கிற பிள்ளை புத்தகத்தைப் பாக்கிறதை விட்டிட்டு, ஆராய்ச்சியிலை எத்தினை வகை எண்டு என்னட்டை வந்து கேக்கிறாய். நான் படிச்சது அஞ்சாம் வகுப்பு. அதுவும் பின்வாங்கிலை இருந்து நித்திரை கொண்டு படிச்சது. உதெல்லாம் தெரிஞ்சு என்ன செய்யப் போறாய்? போடி, எனக்கு இடுப்பு நோகுது."

பேத்தி போகவில்லை. விவசாயக் கந்தோர் ஆள் ஒருவர் எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் ஆராய்ச்சி செய்தார் என்று யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். அவளுடைய புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். ஆட்களைக் கேட்டு அறிவது ஒரு வகையாம். ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்து அறிவது இன்னொரு வகையாம். கைவைத்து மாற்றிப் பார்த்து அறிவது மூன்றாவதாம். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு அலுப்பு வந்தது. மூன்றும் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்து போனவைதான். மூன்றுக்கும் தேத்தண்ணீர் வைத்தவள் நான்.

வெளிநாட்டு மிளகாயை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம் அது. உடுவில் பக்கத்தில் வெங்காயம் வைத்தவர்களும் புகையிலை வைத்தவர்களும் மிளகாய்க்கு மாறினார்கள். நாங்களும் மாறினோம். நாங்கள் என்றால் என் கணவர், அவருடைய தாய், நான். என்ன செய்வது என்று முடிவெடுப்பது மாமி. மிசின் வைத்துத் தண்ணீர் இறைப்பதும் மருதனார்மடச் சந்தைக்குச் சாக்குக் கொண்டு போவதும் என் கணவர். மிச்சம் நான். மிச்சம் என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று எழுதப் போனால் எனக்கு மறுபடியும் களைத்துவிடும். ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

மிளகாய்க் கன்றின் இலை சுருண்டு, குருத்து முடங்கிப்போகும் ஒரு நோய் அப்போது தோட்டம் தோட்டமாகத் தாவியது. மாமிக்கு அதற்கு ஒரே மருந்துதான் தெரியும், சாம்பல். அடுப்புச் சாம்பலை அரிதட்டில் அரித்து, விடிய முன்னம், இலையில் பனி ஈரம் இருக்கும்போதே தூவ வேண்டும். வெயில் பட்டால் ஒட்டாது. எங்கள் அடுப்புச் சாம்பல் காணாது. அதனால் முதல்நாள் பின்னேரமே பனையோலைக் கடகத்தை எடுத்துக்கொண்டு அயல்வீடுகளுக்குப் போய் அவர்களுடைய சாம்பலையும் வாங்கி வர வேண்டும். வாங்கி வந்ததை மாமி விரலால் தேய்த்துப் பார்ப்பார். பூவரசம் விறகுச் சாம்பல் நல்லதாம். கடதாசி எரித்த சாம்பல் கூடாதாம். மாப்பிள்ளை பார்ப்பதைப்போல் அப்படி ஒரு விசாரணை.

விடியற்காலையில் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிவேன். கன்றுக்கு ஒரு பிடி. நிமிர்வேன், நகர்வேன், மறுபடி குனிவேன். கடைசிப் பாத்திக்கு வரும்போது என் முழங்கால் என்னுடையதாக இராது. கண் இமையில் சாம்பல், மூக்கில் சாம்பல், தலைமயிர் முழுக்கச் சாம்பல். கண்ணாடியைப் பார்த்தால் மாமியைவிட நான்தான் கிழவி. அதன்பிறகுதான் எங்கள் வீட்டில் மற்றவர்களுக்கு விடியும்.

ஒருநாள் தாங்காமல் கேட்டேன்.

"மாமி, சாம்பல் தூவாட்டில் கண்டு செத்துப் போகுமோ?"

"தூவாமல் விட்டால்தானே தெரியும்."

"அப்ப ஒருக்கா விட்டுப் பாப்பமே?"

"விட்டுச் செத்துப் போச்செண்டால் ஆர் திருப்பித் தாறது? உன்ரை கொப்பரோ?"

என் கணவர் மிசினுக்கு எண்ணெய் விடுகிறவர்போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தாய்க்கும் பெண்சாதிக்கும் நடுவில் ஒரு மிசின் இருந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். சாம்பல் உண்மையிலேயே வேலை செய்கிறதா, இல்லையா? செய்கிறது என்றால் சரி, என் தலைவிதி. செய்யவில்லை என்றால் காகம் கத்தும்வரைக்கும் படுத்திருக்கலாம். அதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்த வேளையில்தான் அந்தத் தம்பி சைக்கிளில் வந்தார்.

விவசாயக் கந்தோரில் இருந்து அனுப்பியிருந்தார்கள். வெள்ளைச் சேட்டு, நெற்றியில் திருநீறு, வாயில் மரியாதை. மிளகாய்க்கு மருந்து கிடைப்பது கஷ்டமாக இருந்ததால், ஊர்ச் சனம் தூவும் சாம்பலிலே ஏதும் விசயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்களாம். எனக்குக் கடவுளே சைக்கிள் ஓடி வந்ததுபோல இருந்தது.

முதலில் அவர் கேட்டு அறிகிற வேலையைத் தொடங்கினார். போன வருசம் யார் யார் சாம்பல் தூவினார்கள், யாருடைய கன்று தப்பியது என்று வீடு வீடாகக் கேட்பது. ஆனால் எல்லா வீட்டுக்கும் போவதில்லையாம். ஒழுங்கையில் ஒவ்வொரு ஏழாவது வீடுமாம்.

"மிச்ச வீடு?" என்று நான் கேட்டேன்.

"தேவையில்லை அக்கா. கொஞ்சப் பேரை ஒழுங்காத் தெரிஞ்செடுத்துக் கேட்டால் முழு ஊரையும் அறியலாம்."

"குழம்பைக் கலக்கிப்போட்டு ஒரு சொட்டை உள்ளங்கையிலை விட்டு நக்கிப் பாக்கிறமாதிரி."

"ஓம், அதேதான்."

அவர் சந்தோசப்பட்டார். பாவம். எங்கள் ஊர்க் குழம்பில் ஒவ்வொரு சொட்டும், என்னை ஏன் நக்கிப் பார்க்கவில்லை என்று கோபித்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு அவர் அடுத்த படலையைத் தாண்டிப் போனார். அந்தப் படலையில் நின்றவள் என் மச்சாள் முறையான அயல்வீட்டுக்காரி.

"தம்பி, எங்கடை வீடென்ன துடக்கு வீடோ?"

"இல்லை அக்கா, ஏழாவது வீட்டுக்குத்தான் போகவேணும்."

"அந்த ஏழாவது வீடு எங்களைவிட உசத்தியோ? கலியாணம் சொல்ல வாறவையும் எங்களைத் தாண்டித்தான் போகினம். இப்ப மிளகாய்க்குமோ?"

ஒரு வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டைத் தாண்டிப் போவது எங்கள் பக்கத்தில் லேசான விசயம் இல்லை. அதற்காகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த குடும்பங்கள் உண்டு. தம்பி உள்ளே போனார். போனால் தேத்தண்ணீர் குடிக்காமல் வர முடியாது. அதைப் பார்த்த அடுத்த வீட்டுக்காரி தன் படலையில் வந்து நின்றாள். பொழுதுபடும்போது அவர் ஒழுங்கை முழுவதும் ஏறி இறங்கி, வயிறு நிறையத் தேத்தண்ணீரோடு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறி ஓட அவரால் முடியவில்லை.

கேட்டதற்கு வந்த பதில்களும் அப்படித்தான். கன்று செத்துப்போன வீட்டில் லேசில் யாரும் சாம்பல் தூவவில்லை என்று ஒத்துக்கொள்ளவில்லை. தூவவில்லை என்றால் பஞ்சிப்பட்டுப் படுத்துக்கிடந்தவள் என்று ஆகிவிடுமே. என் மச்சாள் ஒருநாளும் தவறாமல் தூவியதாகச் சத்தியம் பண்ணினாள். அவள் வீட்டு அடுப்புச் சாம்பல் முழுவதும் ஒவ்வொரு பின்னேரமும் என்னுடைய கடகத்துக்குள்தான் வந்தது. அவள் எதைத் தூவியிருப்பாள் என்று நான் கேட்கவில்லை. சாம்பல் தருகிறவளோடு பகைக்க முடியுமா?

இருந்தாலும் தம்பி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வந்தார். சாம்பல் தூவிய தோட்டங்களில் மிளகாய் பரவாயில்லாமல் வந்திருக்கிறது என்றார். மாமி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு வார்த்தை தேவையில்லை. நான் தூணைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்தேன்.

"ஆனால் அம்மா, சாம்பலாலைதான் நல்லா வந்ததெண்டு சொல்லேலாது," என்றார் தம்பி.

நான் மறுபடியும் எழும்பினேன்.

"பேந்தென்ன, உம்மடை சைக்கிளாலையோ?" என்றார் மாமி.

தம்பி என்னிடம் திரும்பினார். "அக்கா, தூவிக்கொண்டு போகேக்கை சுருண்ட கண்டு ஒண்டைக் கண்டால் என்ன செய்வியள்?"

"புடுங்கி, வரம்பிலை குவிச்சுப் பேந்து எரிப்பன்."

"எல்லாரும் அப்பிடிச் செய்யினமோ?"

"விடியப்பறம் எழும்பித் தோட்டத்துக்குப் போறவை செய்வினம். எழும்பாதவை எங்கை காணப்போகினம்?"

"அதுதான் அம்மா கேள்வி. காப்பாத்தினது சாம்பலோ, நோய்க் கண்டைப் புடுங்கினதோ? ரெண்டையும் செய்யிறது ஒரே ஆக்கள். சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் ரெண்டையும் பிரிக்கேலாது."

"ரெண்டும்தான்," என்றார் மாமி.

"எது கூடுதலாக் காப்பாத்தினது எண்டு தெரியவேணும்."

"உமக்குத் தெரியவேணும். எனக்குத் தெரியும்."

தம்பி அடுத்ததாகப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலைக்கு வந்தார். அந்தப் போகம் முழுவதும் வியாழக்கிழமைதோறும் வருவாராம். யார் தூவுகிறார்கள், யார் தூவவில்லை, எந்தக் கன்று சுருள்கிறது என்று தன் கண்ணாலேயே பார்ப்பாராம். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாராம். ஆட்கள் ஞாபகத்தில் இருந்து சொல்வதைவிட அது நம்பலாமாம்.

முதல் வியாழக்கிழமை சரியாகத்தான் நடந்தது. இரண்டாவது வியாழக்கிழமைக்கு முதல்நாள் பின்னேரம் நான் சாம்பலுக்குப் போனேன். மச்சாள் கையை விரித்தாள்.

"இண்டைக்கு இல்லை. நாளைக்கு வியாழன். எனக்கு வேணும்."

"வியாழனுக்கு என்ன விசேசம்?"

"அந்தப் பொடியன் வந்து பாக்கும். வெறும் இலையோடை கண்டு நிண்டால் என்ன நினைக்கும்?"

எல்லா வீட்டிலும் அதே கதை. வியாழக்கிழமை காலையில் ஒழுங்கையில் இருந்த எல்லாத் தோட்டங்களும் தீட்சை கேட்டுத் திருநீறு பூசியதுபோல் வெள்ளையாக நின்றன. தம்பி சைக்கிளை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டு வந்தார். வெறும் இலையோடு நின்றது எங்கள் தோட்டம் மட்டும்தான், எனக்குச் சாம்பல் கிடைக்கவில்லை. நான் அன்றைக்கு ஒரு மணித்தியாலம் கூடுதலாக நித்திரை கொண்டிருந்தேன். ஊரிலேயே சாம்பல் தூவாத ஒரே வீடு என்று எங்களை எழுதிக்கொண்டு போகப் பார்த்தார். மாமி அவரை மறித்து வைத்துக் கதைத்த கதையை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு அவர் நாள் சொல்லாமல் வரத் தொடங்கினார். சந்தியில் சைக்கிளைக் கண்டவர்கள் ஓடிவந்து சொல்லிவிடுவார்கள். பார்க்க வந்தவரைப் பார்ப்பதே ஊருக்கு வேலையாகிவிட்டது. அந்தப் போகம் முடியும்போது அவருக்கும் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எங்கள் கிணற்றடியில் இருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"அக்கா, கேட்டும் சரிவரேல்லை, பாத்தும் சரிவரேல்லை. இனிக் கைவைச்சுத்தான் பாக்கவேணும்."

"ஆரிலை?"

"உங்கடை தோட்டத்திலை. அரைவாசிப் பாத்திக்குச் சாம்பல். அரைவாசிக்கு இல்லை. சுருண்ட கண்டை ரெண்டிலையும் ஒரேமாதிரிப் புடுங்கவேணும். தண்ணி ஒரேமாதிரி, எரு ஒரேமாதிரி. சாம்பல் மட்டும்தான் வித்தியாசம். அப்ப தெரிஞ்சிடும்."

அரைவாசி என்ற சொல் என் முழங்காலுக்குள் போய் இறங்கியது. "தம்பி, தூரத்துப் பாத்தியளை விடுவம். எனக்கு நடையும் மிச்சம்," என்றேன்.

"நீங்கள் அப்பிடிச் சொல்லுவியள் எண்டுதான் உங்களைத் தெரிஞ்செடுக்க விடேலாது. கிணத்தடிப் பாத்தி எப்பவும் நல்லா வரும். அதுக்கு மட்டும் சாம்பல் போட்டால், சாம்பலோ கிணத்தடியோ எண்டு தெரியாமல் போகும். அம்மா தெரிஞ்செடுத்தால் நல்ல பாத்தியை எடுப்பா. நான் தெரிஞ்செடுத்தாலும் ஏதோவொரு பக்கம் சாஞ்சிடும். சீட்டுப் போட்டுத்தான் எடுக்கவேணும்."

மாமி அதுவரை வேண்டாம் என்றுதான் நின்றார். சீட்டு என்றதும் முகம் மாறியது.

"சீட்டெண்டால் வைரவருக்கு முன்னாலை வைச்சுப் பூக்கட்டிப் பாப்பம். அப்பிடியெண்டால் எனக்குச் சம்மதம்."

எங்கள் தோட்ட மூலையில் வேம்பின் கீழ் ஒரு சூலம் நட்டிருந்தது. அதுதான் எங்கள் வைரவர். வீட்டில் ஒரு முடிவு எடுக்க முடியாவிட்டால், சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை இன்னொன்றிலும் கட்டி அவருக்கு முன்னால் போடுவோம். கைக்கு வருவது அவருடைய சொல். தம்பி யோசித்துப் பார்த்தார். பொட்டலங்கள் எல்லாம் ஒரேமாதிரி இருந்தால் தனக்கு ஒன்றும் இல்லை என்றார். சீட்டும் ஒன்றுதான், பூவும் ஒன்றுதான் என்று அவர் நினைத்தார்.

எத்தனை பாத்தியோ அத்தனை பொட்டலம் கட்டினோம். அரைவாசியில் வெள்ளைப் பூ, அதற்குச் சாம்பல். அரைவாசியில் சிவப்புப் பூ, அதற்குச் சாம்பல் இல்லை.

"தம்பி, கலியாணம் கட்டினீரோ?" என்றார் மாமி.

"இல்லை அம்மா."

"கலியாணப் பேச்சுக்கால் ஏதும்?"

"இல்லை."

"அப்ப சுத்தமான கை, நீரே எடும். போய்க் கால் கழுவிப்போட்டு வாரும்."

அரசாங்க உத்தியோகத்தர் களிசானை மடித்துவிட்டுக் கால் கழுவி வந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பாத்திக்கும் ஒவ்வொரு பொட்டலம் எடுத்தார். சிவப்புப் பூ வந்த பாத்தியில் என் கணவர் ஒரு பூவரசந்தடி நட்டார்.

நான் அந்த இடத்திலேயே மாமியைப் பிடித்தேன். "மாமி, தடி நட்ட பாத்தியும் மற்றப் பாத்தி மாதிரியே வந்தால், அடுத்த போகம் சாம்பல் இல்லை. சரியே?"

"வைரவர் அப்பிடிக் காட்டினால் மறிக்க நான் ஆர்?"

அன்றிலிருந்து நான் தடி நட்ட பாத்திகளின் முகத்தைப் பார்த்துத்தான் எழும்பினேன். தம்பி சொன்னபடி இரண்டு பக்கமும் ஒரேமாதிரித்தான் பிடுங்கினேன். சாம்பல் கடகம் அரைப் பாரம். தை மாதப் பனி போனது. கன்றுகள் பூத்தன. தடி நட்ட பாத்தியும் பூத்தது. காயும் பிடித்தது. ஒன்றுக்கு ஒன்று குறையவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தான், பிறகு காகம் கத்தும்வரை படுத்திருக்கலாம் என்று என் உடம்புக்குச் சொல்லிச் சொல்லிக் குனிந்தேன்.

பழம் சிவக்கத் தொடங்கிய நேரம், தம்பி ஒருநாள் சொல்லாமல் விடியவே வந்து நின்றார். தடி நட்ட பாத்தியில் குந்தி இருந்து இலையைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தொட்டார். விரலில் வெள்ளை.

"அக்கா, இதுக்கும் சாம்பல் போட்டனீங்களோ?"

"எனக்கென்ன விசரோ தம்பி? குறையுதெண்டு சந்தோசப்பட்டுக்கொண்டிருக்கிறவள் நான். கூட்டிப் போடுவனே?"

"அப்ப இது?"

அது என்ன என்று எனக்கும் தெரியாது. அப்போதுதான் மாமி குளித்துவிட்டு ஈரத் தலையோடு வேம்படியில் இருந்து வந்தார். கையில் பனையோலைக் குட்டான். குட்டானில் திருநீறு. தடி நட்ட பாத்திக்கு வந்து, வைரவா என்று சொல்லி ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினார். அடுத்த தடிக்குப் போனார். அங்கும் ஒரு சிட்டிகை. நான் அந்தப் பக்கத்தில் சாம்பலோடு குனிந்து நிற்கிற நேரத்தில்தான் இது ஒவ்வொரு நாளும் நடந்திருக்கிறது. குனிந்து நிற்கிறவளுக்கு என்ன தெரியும்?

"அம்மா, இந்தப் பாத்திக்குச் சாம்பல் போடக்கூடாதெண்டு சொன்னனான் எல்லே?" என்றார் தம்பி.

"ஆர் போட்டது?"

"நீங்கள் இப்ப போட்டதென்ன?"

"இது திருநீறு."

"திருநீறும் சாம்பல்தானே அம்மா."

மாமி குட்டானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவருடைய நெற்றியைப் பார்த்தார்.

"உம்மடை நெத்தியிலை கிடக்கிறதென்ன? அடுப்பிலை அள்ளினதோ?"

தம்பியின் கை நெற்றிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"வைரவர் சிவப்புப் பூவைக் காட்டினார் எண்டால் என்ன கருத்து? அந்தப் பாத்தியைத் தான் பாக்கிறன், நீங்கள் தொடாதேங்கோ எண்டு. அவர் பாக்கிறதெண்டால் நாங்கள் சும்மா விட்டிட்டு இருக்கிறதே? ஒரு சிட்டிகை திருநீறும் இல்லாமல்?"

"அம்மா, அது சீட்டு. வைரவர் ஒண்டும் சொல்லேல்லை."

"அவருக்கு முன்னாலை நிண்டு எடுத்தது நீர்தானே. கால் கழுவிப்போட்டு."

தம்பி கிணற்றுக் கட்டில் போய் இருந்தார். நான் கடகத்தை இறக்கிவிட்டு அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். இரண்டு பேருக்கும் எழும்ப மனம் வரவில்லை. என் கணவர் மிசினைத் தொடங்கினார். கொஞ்ச நேரத்துக்கு அந்தச் சத்தம் நன்றாக இருந்தது.

பழம் பிடுங்கியபோது தம்பி வந்து பாத்தி பாத்தியாகக் கந்தோர்த் தராசில் நிறுத்தார். இரண்டு பக்கமும் ஒன்றுதான். மாமிக்கு அது வைரவரின் அருள். எனக்கு அது விடுதலை என்று நினைத்தேன்.

"அப்ப சாம்பல் தேவையில்லை எண்டு எழுதுங்கோ தம்பி. நான் படுக்கப் போறன்."

"அப்பிடி எழுதேலாது அக்கா. சாம்பல் படாத பாத்தி எண்டு ஒண்டும் இருக்கேல்லையே. அதோடை, வைரவர் பாக்கிறார் எண்ட எண்ணத்திலை அம்மா அந்தப் பாத்தியளுக்கு வேறை என்னென்ன செய்தாவோ. தண்ணி கூடுதலா விட்டாவோ, களை கூடுதலாப் புடுங்கினாவோ, ஆருக்குத் தெரியும்?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. மாமி அந்தப் பாத்திகளில் ஒரு புல்லையும் விட்டுவைத்ததில்லை. அதை நானும் பார்த்திருந்தேன்.

"அடுத்த போகம் வேறைமாதிரிச் செய்வம்," என்றார். "ரெண்டு சாக்குக் கொண்டுவாறன். ஒண்டிலை சாம்பல், மற்றதிலை சாம்பல் மாதிரியே ஒரு தூள், அதாலை ஒண்டும் நடக்காது. எது எதெண்டு உங்களுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கந்தோரிலை ஒருதருக்கு மட்டும் தெரியும். எல்லாப் பாத்தியும் வெள்ளையாத்தான் இருக்கும். ஆரும் ஒண்டை மட்டும் கூடுதலாக் கவனிக்கேலாது."

நல்ல யோசனை. எனக்கே விளங்கியது. ஆனால் எனக்கு வேறொன்றும் விளங்கியது.

"ரெண்டு சாக்கையும் ஆர் தூவுறது?"

"நீங்கள்தான் அக்கா."

"எல்லாப் பாத்திக்குமோ?"

"எல்லாப் பாத்திக்கும்."

"ஒண்டும் நடக்காத தூளையும்?"

"அதையும்தான். அப்பத்தான் உண்மை தெரியும்."

"தம்பி, தூவாமல் விடலாமோ எண்டு அறியத்தான் உங்களை உள்ளுக்கு விட்டனான். அதை அறியிறதுக்கு நான் மண்ணையும் தூவவேணும் எண்டுறியள்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அவரும் களைத்துப்போயிருந்தார். இதை விட்டால் வேறு வழி தெரியவில்லை அக்கா, சாக்கோடு வருகிறேன் என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தார்.

அவர் சொன்னபடியே வந்தார். ஆனால் அவர் வந்தபோது மாமி படலையிலேயே மறித்து, எங்கள் தோட்டத்துக்கு இனி எந்தத் தூளும் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். பால் தேத்தண்ணீர் கொடுத்து, மச்சாள் வீட்டைக் காட்டினோம். அங்கே அவருக்கு என்ன நடந்தது என்பது மச்சாள் சொல்ல வேண்டிய கதை. அந்தப் போகத்திலிருந்து மாமி குளித்துவிட்டுக் குட்டானோடு தோட்டத்தை ஒருமுறை சுற்றி வருவார். எல்லாப் பாத்திக்கும் ஒரு சிட்டிகை. நான் வெயில் வந்தபிறகு போய்ச் சுருண்ட கன்றைப் பார்த்துப் பிடுங்குவேன். மிளகாய் எப்போதும்போல வந்தது. சில வருசம் நன்றாக, சில வருசம் நாசமாக.

இதற்காக நான் மாமியோடு சண்டை பிடிக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. தம்பி சாக்கோடு வர முன்னம், அறுவடை முடிந்து வைரவருக்குப் பொங்கிப் படைத்த அன்றைக்கு, மாமி பக்கத்தில் நிற்கத்தக்கதாக அயலுக்கு ஒரு கதை சொன்னேன், அவ்வளவுதான்.

மச்சாள்தான் கேட்டாள். "என்னவாம் ஆராய்ச்சி? கடைசியிலை என்ன கண்டவராம்?"

"அந்தத் தம்பி ஒண்டும் சொல்லேலாதெண்டிட்டுப் போட்டார்," என்றேன். "நான் கண்ணாலை கண்டதைச் சொல்லுறன். நான் கடகம் கடகமாய்ச் சாம்பல் கொட்டின பாத்தியிலை வந்ததும், மாமி ஒரு சிட்டிகை திருநீறு போட்ட பாத்தியிலை வந்ததும் ஒரே நிறை. அரசாங்கத்தின்ரை தராசிலை நிறுத்தது. அப்ப ஆரின்ரை கை பெரிய கை? மாமி இருக்கேக்கை நான் இனிக் கடகம் தூக்கினால், அது இந்த மனிசியை மதிக்காத வேலை. வைரவரும் பொறுக்க மாட்டார். உங்களுக்கும் வேணுமெண்டால் வந்து மாமியைக் கூட்டிக்கொண்டு போங்கோ. விடியப்பறம் எழும்பிறவ. வரேக்கை படலையை மெல்லத் திறவுங்கோ. நான் படுத்திருப்பன்."